காய்ச்சலா, கைவிடலா? சுண்டெலிக்கு எந்தத் தூண்டலைத் தேர்ந்தெடுப்பது

"அக்கா, படிவத்தில் எதை எழுதட்டும்? எல்பிஎஸ்ஸா, பாலி ஐசியா, பிசிஜியா?"

முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் இருக்கும் ஒரு தங்கை சென்ற மாதம் தொலைபேசியில் இப்படிக் கேட்டாள். அவள் சொன்ன மூன்றும் நோயெதிர்ப்பைத் தூண்ட ஊசியில் ஏற்றும் பொருட்கள்; ஒவ்வொன்றையும் கீழே விளக்குகிறேன். விலங்குகள் மீதான ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழுவுக்கு அவள் படிவம் பி அனுப்ப வேண்டும். உடலின் நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிட்டால், நெருக்கடியை ஒரு சுண்டெலி சமாளிக்கும் விதம் மாறுகிறதா என்பது அவளுடைய ஆய்வுக் கேள்வி. எந்தப் பொருளை ஊசியில் ஏற்றுவது, பிறகு எந்தச் சோதனையில் எலியை வைப்பது என்ற இரண்டு முடிவுகளை அவள் எடுத்தாக வேண்டும். பெரும்பாலோர் முதலாவதை அலமாரியில் இருக்கும் புட்டியைப் பார்த்தும், இரண்டாவதை ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும் கருவியைப் பார்த்தும் முடிவு செய்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். அதனால் வீணான எலிகளை நான் மறக்கவில்லை. அவளுக்கு அன்று அரை மணி நேரத்தில் சொன்னதை, இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் 'சமாளிப்பு' என்ற சொல். 1977-ல் ரோஜர் போர்சோல்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் கட்டாய நீச்சல் சோதனையை அறிமுகப்படுத்தினார்கள். தப்பிக்க வழியில்லாத ஒரு கண்ணாடி உருளையில் நீர் நிரப்பி, அதில் சுண்டெலியை ஆறு நிமிடம் விடுவார்கள். வழக்கமாகக் கடைசி நான்கு நிமிடத்தில் அது எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கிறது என்று கணக்கிடுவார்கள். மன அழுத்த நோய்க்கான மருந்து கொடுத்த எலிகள் அதிக நேரம் நீந்தின. ஆகவே மிதப்பது நம்பிக்கை இழப்பின் அடையாளம் என்ற வாசகம் நிலைத்துவிட்டது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகுதான் அந்த வாசகம் அசைக்கப்பட்டது. 2016-ல் டி க்ளோட்டும் மோலென்டெய்க்கும், 2017-ல் காமன்ஸும் உடன் எழுதியவர்களும், மிதப்பதை விரக்தியாகப் படிக்கத் தேவையில்லை, அது நெருக்கடியைச் சமாளிக்க எலி தேர்ந்தெடுக்கும் ஒரு வழி என்று வாதிட்டார்கள். சுவரைப் பிறாண்டிப் பயனில்லை என்று கற்றுக்கொண்ட எலி, தெம்பைச் சேமித்துக்கொண்டு மிதக்கிறது. போராடுவது செயலூக்கமான சமாளிப்பு என்றால், மிதப்பது அடங்கிப்போகும் சமாளிப்பு. இரண்டில் எது மேல் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது. இந்த வாசிப்பே சரி என்று நான் நினைக்கிறேன். ஆனால் நம் துறைக்கு இது ஒரு தலைவலியையும் கொண்டுவருகிறது. உடம்பு சரியில்லாத எலியும் தெம்பைச் சேமிக்கத்தான் பார்க்கும்.

நோயுற்ற விலங்கு ஏன் சுருண்டு படுக்கிறது, ஏன் உண்ண மறுக்கிறது, ஏன் உடலை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள மறக்கிறது என்ற கேள்விக்கு 1988-ல் பெஞ்சமின் ஹார்ட் ஒரு தெளிவான விடை எழுதினார். அது உடல் தளர்ந்துபோனதன் விளைவு மட்டுமில்லை, காய்ச்சலைத் தாங்கிக் கிருமியை வெல்ல உடல் வகுக்கும் ஒழுங்கான திட்டம் என்றார். 'லங்கணம் பரம ஔஷதம்' என்று காய்ச்சல் வந்த பிள்ளைக்குக் கஞ்சியோடு நிறுத்திய நம் பாட்டிகளுக்கு இந்த எண்ணம் புதிதாக இருந்திருக்காது. பின்னர் ராபர்ட் டான்ட்சர், கீத் கெல்லி போன்றவர்கள் அந்தத் திட்டத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார்கள். மூளையையும் உள்ளுறுப்புகளையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வயிற்றுக் கிளையை வெட்டிவிட்டால் அழற்சியின் செய்தி மூளைக்குக் குறைவாகவே போய்ச் சேர்ந்து, எலியின் சோர்வு குறைந்தது. 2022-ல் மூளைத்தண்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட நரம்புச்செல் கூட்டத்தை மட்டும் தூண்டி, எந்தத் தொற்றும் இல்லாத சுண்டெலியைக் கிட்டத்தட்ட நோயாளிபோல நடக்க வைத்தார்கள். 2023-ல் இன்ஃப்ளுயன்சா வந்த எலியின் மூக்குத் தொண்டையில் இருக்கும் நரம்புச்செல்கள், அழற்சியில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை முகர்ந்து மூளைக்குச் சொல்வதையும் கண்டார்கள். சோர்வுக்குத் தனிச் சாலையே இருக்கிறது.

ஆகவே எந்தத் தூண்டலை எடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: நோய்ச்சோர்வு இறங்கிய பிறகும் சமாளிப்பில் மாற்றம் நிற்கிறதா? இதற்கு விடை தரும் இடைவெளி எந்தத் தூண்டலில் அகலமாக இருக்கிறதோ, அதுவே நல்ல தூண்டல்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஊசி போட்டு ஆறு மணி நேரத்தில் எலிகளை நீரில் விட்டேன். வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. ஒப்பீட்டுக்காக வெறும் உப்புநீர் ஊசி பெற்றவை நீந்தின, தூண்டல் ஊசி பெற்றவை மிதந்தன. வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு மூத்த ஆய்வாளரிடம் போனேன். அவர் பார்த்துவிட்டு, "நீ அளந்தது காய்ச்சலை" என்றார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அன்று பயன்படுத்திய எலிகள் ஒவ்வொன்றும் என் கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றுக்காகத் துன்பப்பட்டன. அந்த வருத்தத்தில் இருந்துதான் இதை எழுதுகிறேன்.

இனி எல்பிஎஸ். கிராம் சாயம் ஏற்காத பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு இது. உயிருள்ள கிருமி எதுவும் இல்லாமலே, பாக்டீரியா புகுந்துவிட்டது என்று உடலை நம்பவைக்கும். டிஎல்ஆர்4 என்ற ஏற்பி இதை உணர்கிறது. 1998-ல் புரூஸ் பாய்ட்லரின் குழு, எல்பிஎஸ்ஸுக்கு அசையாத ஒரு சுண்டெலி வகையில் இந்த ஏற்பியின் மரபணு பழுதாகியிருப்பதைக் கண்டுபிடித்தது. 2011-ல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்ததன் பின்னணியில் அந்த எலிகள் இருக்கின்றன. நடத்தை ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 மில்லிகிராம், வயிற்றறைக்குள் ஒரே ஊசி. இந்த அளவில் இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் சோர்வு உச்சத்துக்கு ஏறும். இருபத்து நான்கு மணி நேரத்தில் திறந்த பெட்டியில் ஓடித்திரியும் தூரம் ஏறக்குறைய இயல்புக்கு வந்துவிடும். ஆனால் அதே நேரத்தில் நீரில் மிதப்பதும், வாலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடும் வால் தொங்கல் சோதனையில் அசையாமல் இருப்பதும் கூடுதலாகவே இருக்கும். அந்த இடைவெளிதான் எல்பிஎஸ்ஸின் பலம்.

இந்த இடைவெளிக்கு வேதியியல் விளக்கமும் கிடைத்திருக்கிறது. அழற்சி ஏறும்போது ஐடிஓ என்ற நொதி விழித்துக்கொள்கிறது. செரோட்டோனின் செய்யப் பயன்படும் டிரிப்டோஃபானை அது கைனூரெனின் என்ற வேறொரு பொருளின் பக்கம் திருப்பிவிடுகிறது. அந்தப் பாதையின் கீழே உருவாகும் குயினோலினிக் அமிலம் நரம்புச்செல்களின் என்எம்டிஏ ஏற்பிகளைக் கிளறுகிறது. 2009-ல் ஜேசன் ஓ'கானரும் உடன் பணியாற்றியவர்களும், ஐடிஓவைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது எல்பிஎஸ் பெற்ற எலிகளின் மிதத்தல் இயல்புக்கு இறங்கியது. ஆனால் எடை குறைவது போன்ற நோய்க்குறிகள் அப்படியே இருந்தன. இந்த முடிவை நான் மிக மதிக்கிறேன். நோய்ச்சோர்வும் சமாளிப்பு மாற்றமும் வேறு வேறு கம்பிகளில் ஓடுகின்றன என்பதற்கு இதைவிட நேரான சான்று அன்று இல்லை. 2013-ல் கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தும் இதே போன்ற விளைவைக் கண்டார்கள். என்எம்டிஏ ஏற்பியை அடைப்பதுதான் கெட்டமினின் வேலை என்பதால் கதை ஒட்டுகிறது.

குறைகளும் பெரியவை. எல்பிஎஸ் ஒவ்வொரு பாக்டீரியா வகையிலிருந்தும் வேறாக வரும். ஓ111:பி4, ஓ127:பி8, ஓ55:பி5 என்று புட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கினால், அடுத்த ஆண்டு வாங்கும் புட்டியில் அதே அளவுக்கு அதே விளைவு வராது. ஒரே வகையிலும் தொகுப்புக்குத் தொகுப்பு வீரியம் மாறும். ஆய்வு முழுவதற்கும் தேவையானதை ஒரே தொகுப்பில் வாங்கி வையுங்கள். அது பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. நன்றாகக் கலக்காமல் எடுத்தால் முதல் எலிக்கு ஓர் அளவும் கடைசி எலிக்கு வேறோர் அளவும் போகும். மேலும், ஒருமுறை எல்பிஎஸ் பெற்ற உடல் அடுத்த முறை அடங்கியே பதில் சொல்லும். ஆகவே நீண்டகால அழற்சியை உருவாக்க எல்பிஎஸ்ஸை நாள்தோறும் போடலாம் என்று யாராவது எழுதியிருந்தால், அவர்களிடம் அழற்சியின் செய்தியைச் சுமக்கும் புரதங்களான சைட்டோகைன்களின் அளவுகளைக் கேளுங்கள். பல நேரங்களில் நான்காம் நாளில் அழற்சியைவிடப் பழகிப்போதலே அதிகமாக இருக்கும்.

அறையின் வெப்பமும் இங்கே முடிவை மாற்றும். சுண்டெலிக்கு இதமான வெப்பம் சுமார் 30 டிகிரி செல்சியஸ். நாம் அவற்றை வைத்திருப்பது 22 டிகிரியை ஒட்டி. மனிதருக்கு வசதியான அந்த அறையில் எலி எப்போதும் கொஞ்சம் குளிரில்தான் இருக்கிறது. எல்பிஎஸ் அளவு கூடினால் அதற்குக் காய்ச்சல் ஏறுவதற்குப் பதில் உடல் சூடு இறங்கும். அப்படிக் குளிர்ந்த எலியை 25 டிகிரி நீரில் விட்டால் நாம் எதை அளக்கிறோம்? ஒரு பழைய காகிதத் துண்டைக் கூண்டில் கூடுகட்டக் கொடுப்பதே முடிவை மாற்றக்கூடும் என்பதை நம்பாதவர்கள் ஒருமுறை செய்து பாருங்கள்.

இன்னொரு எண். 2001-ல் இருபது ஆரோக்கியமான ஆண் தன்னார்வலர்களுக்கு பாக்டீரிய நச்சு, அதாவது எல்பிஎஸ், கிலோவுக்கு 0.8 நானோகிராம் அளவில் செலுத்தப்பட்டது. அவர்களுக்குப் பதற்றமும் சோர்ந்த மனநிலையும் ஏற்பட்டன. சுண்டெலிக்கு நாம் போடும் அளவோடு ஒப்பிட்டால் வேறுபாடு சுமார் பத்து லட்சம் மடங்கு. சுண்டெலியில் கிடைத்த முடிவை மனிதருக்கு எழுதும்போது இந்த எண் கண்முன் இருக்கட்டும்.

பாலி ஐசி பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏவைப் போலச் செய்யப்பட்ட செயற்கைப் பொருள் இது. டிஎல்ஆர்3 வழியாக உணரப்பட்டு, வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் டைப்-1 இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைப் பெருக்கும். உங்கள் கேள்வி வைரஸ் நோய்க்குப் பின்வரும் மனச்சோர்வு என்றால் இதற்கு ஒரு தனி நியாயம் உண்டு. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைடிஸ் சி வைரஸுக்கு இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா கொடுத்துச் சிகிச்சை செய்த காலத்தில், நோயாளிகளில் கணிசமானோருக்கு மருந்தே மனச்சோர்வு நோயைக் கொண்டுவந்தது. சுண்டெலியில், மூளை இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் இன்டர்ஃபெரானை உணர்ந்து சிஎக்ஸ்சிஎல்10 என்ற பொருளைச் சுரப்பதும், அதுவே சோர்வுக்கு வழிவிடுவதும் 2016-ல் காட்டப்பட்டது. ஆனால் பாலி ஐசியின் இழை நீளம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். சிலவற்றில் எல்பிஎஸ் கலப்படமே இருக்கும். அப்போது நீங்கள் வைரஸ் என்று எழுதுவது பாதி பாக்டீரியாவாக இருக்கும். தொகுப்பைச் சோதித்துப் பார்க்கும் வசதி இல்லாத இடத்தில் முதல் ஆய்வுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பிசிஜி என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது இடது தோளில் இருக்கும் அந்தச் சிறு தழும்பு. சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் 1948-ல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வகமும் நினைவுக்கு வரலாம். கால்மெட்டும் கெரெனும் வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள மாட்டுக் காசநோய்க் கிருமி அது. மனிதருக்கு 1921-ல் முதன்முதலில் கொடுக்கப்பட்டது. சுண்டெலிக்கு அதைப் பெரிய அளவில் செலுத்தினால் உடலில் வாரக்கணக்கில் தங்கி அழற்சியை மெதுவாக எரியவைக்கிறது. இங்கேதான் அதன் அழகு. கடும் சோர்வும் எடை இறக்கமும் முதல் சில நாட்களில் வந்து அடங்கிவிடுகின்றன. ஒரு வாரத்துக்குப் பிறகு, எலி நன்றாக உண்டு ஓடித்திரியும் காலத்தில், நீச்சல் சோதனையிலும் வால் தொங்கல் சோதனையிலும் அசைவின்மை கூடி, சில வாரங்கள் நீடிக்கிறது. எல்பிஎஸ்ஸில் சில மணி நேரமாக இருந்த இடைவெளி இங்கே வாரங்களாக விரிகிறது. இன்டர்ஃபெரான்-காமாவின் ஏற்பி இல்லாத எலிகளில் ஐடிஓ எழவில்லை, ஐடிஓ மரபணுவே இல்லாத எலிகளில் நடத்தை மாற்றமும் வரவில்லை. எல்பிஎஸ், பிசிஜி என்ற இரண்டு தனித்தனி வழிகளும் ஐடிஓ என்ற ஒரே வாசலில் வந்து முடிகின்றன.

அப்படியானால் எல்லோரும் பிசிஜிக்குப் போகலாமே? முடியாது. உயிருள்ள கிருமியைக் கையாள உயிரிப் பாதுகாப்பு இரண்டாம் நிலை அறையும், எலிகளைத் தனியே வைக்கும் கூடமும் வேண்டும். ஒரே விலங்குக்கூடத்தை ஐந்து ஆய்வுக்குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் இது எளிதாக நடக்காது. மருந்து கொடுத்துத் தடுத்துப் பார்க்கும் சோதனையும் நீளும். மூன்று வாரத்துக்குத் தினமும் மருந்தூசி போட்டால் அந்த ஊசிகளே ஒரு நெருக்கடி. கேள்வியைக் கேட்கும் கையே விடையைக் கெடுக்கும்.

உயிருள்ள இன்ஃப்ளுயன்சா வைரஸ், குடலைக் குத்திக் கட்டி உடல் முழுதும் தொற்றைப் பரப்பும் செப்சிஸ் அறுவை ஆகியவற்றையும் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். நடத்தையைப் பற்றிய கேள்விக்கு அவற்றின் துன்பம் பொருத்தமற்ற விலை. அதற்கு மேல் இங்கே பேச விரும்பவில்லை.

ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது. நோயெதிர்ப்பைத் தூண்டினால் சமாளிப்பு கெடும் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்த்திசையும் உண்டு. மண்ணில் வாழும் மைக்கோபாக்டீரியம் வேக்கே என்ற பாக்டீரியாவைச் சூட்டில் கொன்று சுண்டெலிக்குச் செலுத்தியபோது, மூளையில் செரோட்டோனின் செல்களின் ஒரு பகுதி விழித்து, நீச்சலில் மிதக்கும் நேரம் குறைந்ததாக 2007-ல் கிறிஸ்டோபர் லோரியின் குழு காட்டியது. 2016-ல் அதே பாக்டீரியாவைத் தடுப்பூசிபோல முன்கூட்டியே கொடுத்துவிட்டு, ஓர் ஆதிக்கம் செலுத்தும் ஆண் எலியோடு நீண்டகாலம் ஒரே கூண்டில் வைத்தார்கள். ஊசி பெற்ற எலிகள் பணிந்து ஒதுங்குவது குறைந்தது. 2015-ல் வேறொரு குழு இன்னும் வியப்பான ஒன்றைச் செய்தது. நெருக்கடியைச் சந்தித்த எலிகளின் லிம்ஃபோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை எடுத்து, லிம்ஃபோசைட்டே இல்லாத எலிகளுக்கு மாற்றினார்கள். பெற்றுக்கொண்ட எலிகளிடம் பதற்றம் குறைந்த நடத்தை தெரிந்தது. நெருக்கடியை உடலின் வெள்ளணுக்களும் நினைவில் வைத்துக்கொள்கின்றனவோ என்று தோன்றுகிறது. இதைப் படித்த நாளில் எனக்கு இரவு தூக்கம் பிடிக்கவில்லை. உங்கள் கருதுகோளை எழுதும்போது 'குறையும்' என்று ஒரு திசையை மட்டும் எழுதாதீர்கள்.

இனி இரண்டாம் முடிவு, எதில் அளப்பது.

கட்டாய நீச்சலை நான் விட்டுவிட்டேன். பழைய ஆய்வுகளோடு எண்ணை எண்ணோடு ஒப்பிடும் வசதி போய்விடுகிறது என்பது உண்மை. அந்த இழப்பு சிறியதும் இல்லை. ஆனால் நோயுற்ற எலியின் விஷயத்தில் நீரும் குளிரும் தெம்பும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. இருபத்து நான்கு மணி நேரத்தில் பெட்டியில் ஓடும் தூரம் இயல்பாக இருக்கிறது என்பதை வைத்து, ஆறு நிமிடம் நீந்தும் உரம் திரும்பிவிட்டது என்று சொல்ல முடியாது. தரையில் நடப்பது ஒன்று, நீரில் போராடுவது வேறொன்று. வெளியுலகமும் மாறிவருகிறது. 2023-ல் பிரிட்டனின் அறிவியலில் விலங்குகள் குழு இந்தச் சோதனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் பரிந்துரைகளைத் தந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-ல் சட்டம் இயற்றித் தடை செய்தது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும், விலங்கு ஆய்வுகளைக் கண்காணிக்கும் சிசிஎஸ்இஏவின் அறநெறிக் குழுக்கள், இதைவிடக் குறைந்த துன்பம் தரும் வழி இல்லையா என்று கேட்கும்போது சொல்வதற்கு விடை இருக்க வேண்டும்.

1985-ல் வந்த வால் தொங்கல் சோதனையில் நீர் இல்லை, குளிர் இல்லை, ஆறு நிமிடத்தில் முடிந்துவிடும். இது நீச்சலைவிட மேல். ஆனால் நம் கூடங்களில் அதிகம் வளர்க்கப்படும் சி57பிஎல்/6 என்ற வகைச் சுண்டெலிகளில் பல தங்கள் வாலைப் பிடித்தே மேலே ஏறிவிடும். ஏறியவற்றின் கணக்கு செல்லாது. வாலில் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைக் கோத்துவிட்டால் ஏறுவது குறையும்.

வெறும் நீரையும் சர்க்கரைநீரையும் வைத்து எலி எதை அதிகம் குடிக்கிறது என்று பார்க்கும் சர்க்கரைநீர் விருப்பச் சோதனை அருமையானது, ஆனால் அது இன்பத்தை நாடுவதை அளக்கிறது. சமாளிப்பை அளப்பதில்லை. உடம்பு சரியில்லாத எலி மொத்தத்தில் குறைவாகவே குடிக்கும் என்பதால் விகிதத்தை மட்டும் எழுதிவிட்டு மொத்த அளவை மறைக்கக் கூடாது.

என் மனத்துக்குப் பிடித்தது புதைத்தல் சோதனை. 1978-ல் பினெலும் டிரெய்ட்டும் பெரிய எலிகளில் தொடங்கியது, பிறகு சுண்டெலிக்கும் வந்தது. அடர்த்தியாக மரத்தூள் பரப்பிய கூண்டின் சுவரிலிருந்து ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் மெல்லிய மின்னதிர்ச்சி. ஒருமுறை தொட்ட எலி, முன்கால்களால் தூளைத் தள்ளிக் கம்பியைப் புதைக்கப் பார்க்கலாம். அல்லது தூர மூலையில் உறைந்து நிற்கலாம். இரண்டுமே சமாளிப்புதான், இரண்டும் தனித்தனியே எண்ணப்படும். நோய்ச்சோர்வு இருக்கும் எலியோ புதைப்பதும் இல்லை, விறைத்து நிற்பதும் இல்லை. சுருண்டு படுத்துக் கண்ணை மூடிக்கொள்கிறது. அந்த மூன்றாவது நிலை கண்ணுக்குத் தெரியும். நீச்சலில் அது தெரியவே தெரியாது, அங்கே எல்லாமே மிதத்தல். எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதும். மின்னதிர்ச்சியே கூடாது என்று குழு சொன்னால், தலைக்கு மேல் விரியும் நிழலைக் காட்டும் சோதனை இருக்கிறது. 2013-ல் யில்மாஸும் மைஸ்டரும் காட்டியபடி, பருந்து இறங்குவதுபோல விரியும் கரிய வட்டத்தைக் கண்ட சுண்டெலி கூட்டுக்குள் ஓடும் அல்லது உறையும். சில நொடிகளில் முடிந்துவிடும், வலி இல்லை. ஆனால் திரும்பத் திரும்பக் காட்டினால் எலி பழகிவிடும் என்பதால் ஓர் எலிக்கு மிகச் சில முறைதான் காட்டலாம்.

எந்தச் சோதனையானாலும், எண்ணுபவருக்கு எந்த எலி எது என்று தெரியக் கூடாது என்ற விதி இங்கே தானாகவே உடைகிறது. எல்பிஎஸ் எலியின் மயிர் சிலிர்த்து நிற்கும், முதுகு கூனும். பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆகவே வீடியோ எடுத்து, எலியின் உருவத்தைப் புள்ளிகளாக மட்டும் காட்டும் மென்பொருள் வழியே எண்ணுங்கள். கூண்டு ஒதுக்கீடும் கவனம் கேட்கிறது. எல்பிஎஸ் பெற்ற எலியின் வாடையை மற்ற சுண்டெலிகள் உணர்ந்து விலகும் என்று 2015-ல் காட்டப்பட்டது. ஒரே கூண்டில் பாதிக்கு எல்பிஎஸ், பாதிக்கு உப்புநீர் என்று போட்டால், உப்புநீர் எலியும் ஏதோ ஒன்றைச் சந்தித்த எலிதான். கூண்டு முழுவதற்கும் ஒரே ஊசி, கூண்டையே ஓர் அலகாகக் கணக்கிடுதல். எண்ணிக்கை கூடும், ஆனால் கணக்கு நேர்மையாக இருக்கும். ஆண், பெண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; ஆண் எலிகளில் மட்டும் பார்த்துவிட்டு 'சுண்டெலிகளில்' என்று தலைப்பிடும் பழக்கம் போதும்.

தங்கைக்கு நான் சொன்ன முடிவு இது. அவளிடம் பாதுகாப்பு அறை இல்லை, மூன்று ஆண்டுகள் மட்டுமே இருக்கின்றன. ஆகவே எல்பிஎஸ், ஒரே ஊசி, ஒரே தொகுப்பு. ஆனால் 0.83-ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், அதற்குக் கீழே இரண்டு அளவுகளைச் சிறு குழுக்களில் பார்த்து, இருபத்து நான்கு மணி நேரத்தில் ஓட்டச் சக்கரத்தில் பழைய ஓட்டம் திரும்பும் மிக உயர்ந்த அளவை எடுத்துக்கொள்வது. சக்கரம் கூண்டிலேயே இருக்கட்டும், ஊசிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஓட்டத்தைப் பதிவு செய்யட்டும். ஒவ்வோர் எலிக்கும் அதன் சொந்தப் பழைய ஓட்டமே அளவுகோல். இருபத்து நான்காம் மணி நேரத்தில் புதைத்தல் சோதனை. எல்பிஎஸ் எலி எவ்வளவு உண்டதோ அவ்வளவே உணவு கொடுத்து வைத்த உப்புநீர்க் குழு ஒன்று கட்டாயம். பசியும் எடை இறக்கமும் தாமே நடத்தையை மாற்றும். ஐடிஓ தடுப்பு மருந்துக் குழு இரண்டாம் ஆண்டுக்கு.

பாதுகாப்பு அறையும், காலமும், பொறுமையுள்ள வழிகாட்டியும் கிடைத்தவர்கள் பிசிஜியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி நோய்க்குப் பின் நீளும் மனச்சோர்வு என்றால் அதற்கு நிகர் இல்லை. மனிதரிலும் அழற்சி எல்லாருடைய மனச்சோர்வுக்கும் காரணமாக இருப்பதில்லை. 2013-ல் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு கொண்ட அறுபது பேரிடம் அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாபைச் சோதித்தபோது, மொத்தத்தில் பயன் தெரியவில்லை. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பயன் இருக்கும் அறிகுறி தெரிந்தது. யாருக்கு நீடிக்கிறது, யாருக்கு விலகுகிறது என்ற வேறுபாட்டைப் பார்க்க வாரங்கள் வேண்டும். எல்பிஎஸ்ஸின் ஒரு பகலிரவில் அது கிடைக்காது.

தங்கை படிவத்தை அனுப்பிவிட்டாள். எலிகளின் எண்ணிக்கையைக் கேட்டிருந்த இடத்தில் முதலில் எழுதியதைவிடக் கூட எழுத வேண்டி வந்தது என்று தயங்கினாள். கூண்டை அலகாகக் கொண்டதற்கான காரணத்தைக் கீழேயே இரண்டு வரியில் எழுதிவிடு, குழு கேட்கும் என்றேன். எடை ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் அந்த எலியை ஆய்விலிருந்து எடுத்துவிடுவது என்ற எல்லையையும், இரவு பத்து மணிக்கு யார் வந்து பார்ப்பார்கள் என்பதையும் அவளே எழுதியிருந்தாள். ஊசி போட்ட நாளின் அந்த இரவுப் பார்வைக்கு அவள் தன் பெயரையே போட்டிருக்கிறாள்.